அரை நிமிடம் கழித்து வந்த முனகல்

ரேடியோவைப் பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கினேன். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு வீட்டின் முன்னறை. மெக்கானிக்குக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். வால்வு செட்டு பார்க்க ஆள் உண்டா என்று ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி இறங்கியபோது, ஐந்தாவது கடைக்காரர் இவரிடம் அனுப்பிவைத்தார்.

அப்பா 1962இல் வாங்கிய ஐந்து வால்வு செட்டு. இரண்டு வருடமாக ‘ம்ம்ம்’ என்று ஒரே முனகல். செய்தி வாசிப்பவரின் குரலுக்கு அடியில் அது ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் பகுதிக் கடை ஒன்றில் கொடுத்தேன். பில்டர் கண்டென்சரை மாற்றித் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் முனகல் முன்பைவிட உரத்துக் கேட்டது. கண்டென்சரை மாற்றியும் முனகல் ஏன் கூடியது? செட்டு சரியாவதைவிட இதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

எதையும் கழற்றாமல், முதலில் செட்டை சீரிஸ் போர்டில் செருகினார். 60 வாட் குண்டு பல்பு ஒன்று செட்டுக்கு முன்னால் நிற்கிறது. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட்டு தப்பிக்கும். பல்பு லேசாகச் சிவந்து அடங்கியது. பிறகு நேரே லைனில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

“பேசாம கேளுங்க தம்பி.”

அரை நிமிடம் சத்தமே இல்லை. வால்வுகள் சூடேறியதும் முனகல் மெல்ல எழுந்தது.

“ஸ்விட்ச் போட்ட உடனே வந்திருந்தா டிரான்ஸ்பார்மர் தகடு அதிருதுன்னு அர்த்தம். இது வால்வு சூடானப்புறம் வருது. இப்ப வால்யூமை சுத்தமா கொறைங்க.”

குறைத்தேன். முனகல் அப்படியே இருந்தது. வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால் உள்ள பகுதி எதுவும் காரணமில்லை. குற்றவாளி பவர் சப்ளையில் இருக்கிறது, அல்லது வால்யூம் கன்ட்ரோலுக்குப் பின்னால், ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வு வரையிலான பகுதியில் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரைத் தொடாமலேயே பாதிச் செட்டைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார். இந்த நிதானத்தைத்தான் நான் முன்பு போன கடையில் பார்க்கவில்லை.

இந்த முனகல் பிறக்கும் விதம் எளிது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ரெக்டிஃபையர் வால்வான இ.இசட்.80 அதன் இரண்டு பாதிகளையும் ஒரே திசைக்குத் திருப்பிவிடுவதால், நொடிக்கு 100 முறை அழுத்தம் ஏறி இறங்குகிறது. அந்தப் பள்ளங்களை நிரப்புவதுதான் பில்டர் கண்டென்சரின் வேலை. மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் மாடித் தொட்டி இருப்பதால் குழாயில் தண்ணீர் ஒரே சீராக வருகிறதே, அது போல. கண்டென்சருக்குள் இருக்கும் ரசாயன ஈரம் ஆண்டுக்கணக்கில் காய்ந்தால் தொட்டி சுருங்கிவிடும். கண்டென்சரை மாற்றும்வரை என் செட்டில் நடந்தது அதுதான்.

அப்படியானால் புதுத் தொட்டி வைத்த பிறகும் ஏன்?

செட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினார். அப்போதும் கண்டென்சரில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் ஒன்றைக் கிளிப்பில் மாட்டி அதை வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே சேசிஸை, அதாவது பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டை, கவிழ்த்தார். மீட்டரின் கிளிப்புகளை மாட்டிவிட்டு மறுபடி கரண்ட் கொடுத்தபோது, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். இரண்டு கையும் உள்ளே போனால் ஷாக் நெஞ்சு வழியாகப் பாயும்.

பில்டரில் உள்ள இரண்டு கண்டென்சர்களில் முதலாவதில் 265 வோல்ட் டி.சி. அதன் மேல் சவாரி செய்யும் ஏ.சி. 4 வோல்ட். அங்கே 50 மைக்ரோஃபாரட் இருக்கிறது, செட்டு இழுப்பது 70 மில்லி ஆம்பியர் அளவு. அதற்கு இது சரியான கணக்கு. இரண்டாவது கண்டென்சரில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பில்டர் நன்றாகவே வேலை செய்கிறது.

டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தார். “தோ, இங்க பாருங்க.”

பழைய கண்டென்சரின் அலுமினிய டப்பா இன்னும் சேசிஸ் மேலேயே நின்றது. அதன் அடியில் ஒரு ஃபைபர் வாஷர். டப்பா சேசிஸைத் தொடக் கூடாது என்றுதான் கம்பெனி அந்த வாஷரை வைத்திருக்கிறது. டப்பாவின் நெகட்டிவ், டிரான்ஸ்பார்மர் சுருளின் நடுவிலிருந்து வரும் நடுக்கம்பிக்குப் போகிறது. நடுக்கம்பிக்கும் சேசிஸுக்கும் இடையில் ஒரு 100 ஓம் ரெசிஸ்டர். செட்டின் மொத்தக் கரண்ட்டும் அதன் வழியாகத் திரும்பும்போது உண்டாகும் 7 வோல்ட்தான், கடைசி வால்வான இ.எல்.84இன் கிரிட்டுக்கு, அதாவது அதன் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலைக்கு, பயாஸ் என்ற நிலையான அழுத்தமாகப் போகிறது. புதிய கண்டென்சரைப் போட்டவர், நெகட்டிவ் என்றால் சேசிஸ்தானே என்று அங்கேயே ஈயம் வைத்துவிட்டார். அதனால் கண்டென்சர் நொடிக்கு 100 முறை நிரம்பும்போது பாயும் முரட்டுக் கரண்ட் முழுவதும் அந்த ரெசிஸ்டரைக் கடந்து போக வேண்டியதாயிற்று. அந்த உதைப்பு நேரே கிரிட்டில் விழுகிறது; வால்வு அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே ஏ.சி. அளந்து காட்டினார்: 8 வோல்ட்.

நல்ல கண்டென்சர், நல்ல வால்வு. ஒரு கம்பிதான் இடம் மாறியிருந்தது.

சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி அணைத்து, வடியவிட்டு, சேசிஸில் இருந்த ஈயத்தை உருக்கி நெகட்டிவ் காலை எடுத்தார். ஸ்லீவ் மாட்டி நடுக்கம்பி டேக்கில் பத்தவைத்தார். இன்னும் பெரிய கண்டென்சர் போட்டால் நல்லதா என்று கேட்டேன். கூடாது என்றார். இ.இசட்.80க்கு முதல் கண்டென்சர் 50 மைக்ரோஃபாரட்டைத் தாண்டினால், ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் வால்வு தாங்காத கரண்ட்டை இழுக்கும், வால்வு சீக்கிரம் சாகும்.

ஸ்விட்ச் போட்டார். அரை நிமிடம் போனது, ஒரு நிமிடமும் போனது. ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் தூரத்து வண்டுபோல ஏதோ கேட்டது. முள்ளைத் திருப்பி 720 கிலோஹெர்ட்ஸில் நிறுத்தினார். சென்னை நிலையத்தின் குரல் எந்த அடிச்சத்தமும் இல்லாமல் வந்தது. அப்பா கேட்ட குரல் இப்படித்தான் இருந்திருக்கும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு செட்டு முனகிக்கொண்டிருந்தால், பழைய கண்டென்சரை வெட்டுவதற்கு முன் அதன் நெகட்டிவ் எங்கே போகிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடியில் ஃபைபர் வாஷர் இருந்தால், அந்தக் கம்பியைச் சேசிஸில் வைக்க விடாதீர்கள்.