மூன்று விளக்கும் ஒரு கடிகாரமும்

சென்ற நவராத்திரியின்போது, "கடைச் சரவிளக்கு எதற்கு? நம் கையாலேயே செய்வோம்" என்று பள்ளிக்கூடத்துக் கொலுவுக்கு வீரமாக வாக்களித்துவிட்டேன். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று எல்.இ.டி. விளக்குகள். சிவப்பு 1 விநாடிக்கொரு தரமும், பச்சை கால் விநாடிக்கொரு தரமும், மஞ்சள் 0.7 விநாடிக்கொரு தரமும் மாறவேண்டும்.

இதற்காக ஆர்டுயினோ ஊனோ என்ற பலகையொன்று வாங்கினேன். 2005-ம் வருஷம் இத்தாலி தேசத்து இவ்ரியா நகரில், மாணாக்கர்களுக்கென்றே தோன்றிய வம்சம் அது. அதிலுள்ள சில்லு இரண்டு விரற்கடை நீளந்தான் இருக்கும். விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பு! ஞாபகசக்தி மட்டும் 2,048 பைட்டுகள். என்னுடையதற்கு அது தேவலை.

விளக்குக்கொரு 220 ஓம் ரெசிஸ்டர் கோத்து, 'டிலே' என்னும் கட்டளையை எழுதினேன். சிவப்பை ஏற்று, 1,000 மில்லி விநாடி பொறு, அணை, பிறகு பச்சை. ஆனால் ஒன்றின் முறை முடியுமட்டும் மற்ற இரண்டும் சிலைபோல் நின்றன. மூன்று மாலைப் பொழுதுகள் வீணாயின.

வேடிக்கை பார்த்திருந்த எட்டாம் வகுப்புப் பெண்ணொருத்தி, "சார், அது பொறு என்றால் தூங்கிவிடுகிறதே! உலை வைத்துவிட்டு அடுப்பண்டையே நின்றால் தம்பியை யார் குளிப்பாட்டுவது? நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போய்ப் போய் வருவேன்" என்றாள்.

அந்த வாரத்தில் இரண்டு தடவை, பிந்தி வந்தாளென்று அவளை நான் வெளியே நிறுத்தியிருந்தேன். காரணம் கேட்கவில்லை.

'மில்லிஸ்' என்றொரு கட்டளை உண்டு. மின்சாரம் வந்தது முதல் கடந்த மில்லி விநாடிகளை அது சொல்லும். ஒவ்வொரு விளக்கும் கடைசியாக மாறிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழிக்க வேண்டும். தவணை வந்திருந்தால் விளக்கை மாற்றிப் புது நேரத்தைக் குறிக்க வேண்டும். வராவிட்டால் நில்லாமல் அடுத்த விளக்குக்குப் போகவேண்டும். இப்படி விநாடிக்கு ஆயிரக்கணக்கான சுற்று. மூன்று விளக்கும் தத்தம் தாளத்தில் மினுக்கின.

"அந்த எண்ணிக்கை தீரவே தீராதா, சார்?" என்று கேட்டாள். தீரும், 49 நாள் 17 மணிக்கெல்லாம் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். குறியில்லா எண்களாக வைத்துக் கழித்தால் அப்போதும் கணக்குப் பிசகாது. நானோ கழிக்காமல் கூட்டியல்லவா எழுதியிருந்தேன்! கொலு ஒன்பது நாள்தான் என்றாலும், அவள் பார்த்திருக்கத் திருத்தினேன்.

மறுநாளும் அவள் பத்து நிமிஷம் பிந்தித்தான் வந்தாள். நான் கரும்பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன்.