பூட்டிய தோட்டமும் கேள்வித்தாள் இல்லாத பாடமும்

இலக்கியம் படிப்பது வேறு. இலக்கியப் பாடம் படிப்பது வேறு. முன்னதில் நாம் நூலைப் பார்த்துக் கேள்வி கேட்கிறோம். பின்னதில் நூலை நடுவில் வைத்துக்கொண்டு பிறர் நம்மைக் கேள்வி கேட்கிறார்கள். பல்கலைக்கழகம் வரை வந்து சேர்ந்த நம்மில் பலர் பின்னதில் வல்லவர்கள். பத்து மதிப்பெண் வினாவுக்கு எத்தனை பக்கம் எழுத வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். 'பரீட்சைக்காக அல்லாமல் நீ கடைசியாகப் படித்த புத்தகம் எது?' என்று யாரேனும் கேட்டால்தான் சற்றுத் திகைத்து நிற்போம்.

சென்ற குளிர்காலத்தில் ஒன்பது வாரங்கள் நான் ஓர் ஆசிரியனாக இருந்தேன். மாணவர் தொகை ஒன்று. பள்ளிக்கூடம், ராமகிருஷ்ணபுரத்தில் மூன்றாவது மாடியில் உள்ள என் அக்கா வீட்டுப் பால்கனி. அந்த அனுபவத்தைச் சங்க நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று எண்ணுகிறேன்.

அத்தானுக்குக் கோவையிலிருந்து தில்லிக்கு மாற்றல் உத்தரவு டிசம்பரில் வந்தது. உத்தியோகம் உடனே இடம் கொடுத்துவிட்டது, பள்ளிக்கூடம் கொடுக்கவில்லை. நடு ஆண்டில் சேர்ப்பதைவிட ஏப்ரலில் புதிய வகுப்பில் சேர்ப்பதே நலம் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். அதுவரை பாப்பாவுக்கு வீட்டிலேயே பாடம். கணக்கு அத்தான் பொறுப்பு. விஞ்ஞானம் அக்கா பொறுப்பு. ஆங்கில இலக்கியம் மாமன் தலையில் விழுந்தது.

பாப்பாவுக்குப் பத்து வயது. கெட்டிக்காரி. ஆனால் தில்லிக்கு வந்ததிலிருந்து ஒரு வைராக்கியம் பூண்டிருந்தாள். இந்த ஊர்க் குளிர் வேண்டாம், இந்த ஊர்ச் சோறு வேண்டாம், இந்தி ஒரு சொல்கூட வேண்டாம். கீழே பூங்காவில் பிள்ளைகள் விளையாடும் கூச்சல் கேட்டால் சன்னலைச் சாத்திவிடுவாள். 'ஏப்ரலில் இவள் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் என்னடா செய்வது?' என்பதுதான் அக்காவின் கவலை. ஆங்கிலப் பாடத்தைக் காட்டிலும் எனக்கும் அந்தக் கவலையே பெரிதாகப் பட்டது.

ஆகவே புத்தகத்தைச் சற்று யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். பிரான்சிஸ் ஹாட்ஜ்ஸன் பர்னெட் அம்மையார் எழுதி 1911-இல் நூலாக வெளிவந்த 'தி சீக்ரெட் கார்டன்', அதாவது இரகசியத் தோட்டம். கதைத் தலைவி மேரி லென்னக்ஸ், இந்தியாவில் பிறந்து ஆயாவின் கையில் வளர்ந்த வெள்ளைக்காரச் சிறுமி. சிடுமூஞ்சி. காலராவில் ஒரே வீச்சாகத் தாய், தகப்பன், ஆயா எல்லாரையும் இழந்து, இங்கிலாந்தில் யார்க்ஷயர் மேட்டுநிலத்தில், முன்பின் பார்த்திராத ஒரு மாமனின் மாளிகைக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே குளிர், அங்கே பேசும் கொச்சை மொழி அவளுக்கு விளங்கவில்லை. பத்து ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு தோட்டத்தின் சாவி அவள் கைக்குக் கிடைக்கிறது. இதற்குமேல் கதையை நான் சொல்லக்கூடாது. படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்கு நான் ஏன் பகையாக வேண்டும்?

நூலில் 27 அத்தியாயங்கள். வாரத்துக்கு மூன்று வீதம் ஒன்பது வாரம். ஜனவரி நடுவில் தொடங்கினால் மார்ச் மூன்றாம் வாரத்தில் முடியும். இந்தக் கணக்கில் ஒரு சூழ்ச்சி உண்டு. மேரி வந்து சேர்வது குளிர்காலத்தில். கதை நகர நகர வசந்தம் வருகிறது. தில்லியிலும் அவ்வாறே. பனிமூட்டத்தில் முதல் அத்தியாயம். இலவமரம் சிவந்து பூக்கும்போது இருபதாவது அத்தியாயம். கோவையில் வளர்ந்த குழந்தைக்கு வசந்தம் என்பது புத்தகச் சொல். இங்கே அதைக் கண்ணால் பார்க்கலாம்.

மற்றத் திட்டமெல்லாம் எளியது. ஓர் அத்தியாயம் நான் வாய்விட்டுப் படிப்பேன். அடுத்தது அவள் படிப்பாள். மூன்றாவதை அவள் தனியே படித்துக்கொள்வாள். படித்து முடித்ததும் கதையைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். தமிழிலேயே சொல்லலாம். இந்தத் திருப்பிச் சொல்லும் முறை என் கண்டுபிடிப்பு அன்று. ஆங்கில நாட்டுக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) அம்மையார் வற்புறுத்திய முறை அது. நல்ல நூலை ஒரே முறை கவனமாகப் படித்துவிட்டுக் குழந்தை அதைத் தானே சொல்லட்டும் என்பது அவர் கொள்கை. சொல்லும்போது குழந்தை எதை விடுகிறது, எதை நீட்டுகிறது என்பதிலேயே அதன் மனம் தெரிந்துவிடும். அருஞ்சொற்பொருள் பட்டியல் கிடையாது. ஒரு சொல் வழியை மறித்தால்தான் அகராதி.

கடைசி விதி ஒன்று. கேள்வி கேட்கும் உரிமை அவளுக்கு மட்டுமே, எனக்கு இல்லை.

அக்காவுக்கு இந்த விதி பிடிக்கவில்லை. "ஏன்டா, கேள்வியே கேக்காம புள்ள படிச்சாளா இல்லையான்னு எப்படிடா தெரியும்?" என்றாள்.

"சமைத்தபின் பரீட்சை வைத்தா தெரிந்துகொள்கிறாய், சாப்பிட்டார்களா என்று? இலையைப் பார்த்தால் தெரியாதா?" என்றேன். அக்கா அரை மனத்தோடு போனாள்.

இரண்டாம் வாரத்தில் ஒரு முட்டுக்கட்டை வந்தது. நான்காம் அத்தியாயத்தில் மார்த்தா என்ற வேலைக்காரப் பெண், இந்தியாவிலிருந்து வருபவள் கறுப்பாக இருப்பாள் என்று எண்ணியதாக வெகுளியாகச் சொல்லிவிடுகிறாள். மேரி சீறுகிறாள். இந்நாட்டு மக்கள் மனிதர்களே அல்லர், சலாம் போடும் ஏவலாட்கள்தாம் என்ற பொருள்படப் பேசுகிறாள். அந்த இடம் வரும் என்று எனக்கு முன்பே தெரியும். தாண்டிப் போயிருக்கலாம், குழந்தைகளுக்கென்று சுருக்கிய பதிப்புகளும் கிடைக்கின்றன. ஆனால் ஒரு நூலோடு நட்புக் கொள்வதென்றால் அதன் குற்றத்தையும் பார்த்துத்தான் கொள்ள வேண்டும் என்று கருதி, ஒரு சொல்லும் விடாமல் படித்தேன்.

பாப்பா புத்தகத்தை மூடினாள். "இந்தப் புள்ளைய எனக்குப் புடிக்கலைங் மாமா. வேண்டாம்" என்றாள்.

"சரி, வேண்டாம்" என்றேன். அன்று நாங்கள் வேர்க்கடலை உரித்துத் தின்றோம்.

இரண்டு நாள் கழித்து அவளே புத்தகத்தை எடுத்து வந்தாள். மேரியை யாராவது திட்டுகிறார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம்! அந்த ஞாயிறு அவளை நம் வளாகத்துக்கு வடக்கே உள்ள கொரோனேஷன் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். இந்த நூல் வெளிவந்த அதே 1911-இல், டிசம்பர் 12 அன்று, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தர்பார் நடத்தித் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்த இடம் அது. மன்னரின் கற்சிலை இப்போது அங்கேதான் ஒதுங்கி நிற்கிறது. அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவரு காலத்துப் புள்ளையா மேரி? அதான் அப்படிப் பேசறாளா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் தப்புத்தானுங்க" என்றாள். இரண்டையும் ஒருங்கே சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வரும்?

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மேரி தன் மாமனிடம் பொம்மை கேட்கவில்லை. விதை போடக் கொஞ்சம் மண் கேட்கிறாள். மறுநாள் பாப்பாவும் கேட்டாள். மூன்றாவது மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? ஓர் ஓட்டை வாளியும் இரண்டு தொட்டிகளும் கிடைத்தன. மண்ணும் விதையும் வேண்டுமென்றால் கீழே குடியிருப்புத் தோட்டத்தைப் பார்க்கும் முதியவரிடம்தான் போக வேண்டும். அவருக்கு இந்தி தவிர வேறொன்றும் தெரியாது. பாப்பா படியில் உட்கார்ந்துகொண்டாள், இறங்கவில்லை. நானும் 'போ' என்று சொல்லவில்லை. வாளி மூன்று நாள் வெறுமையாகக் கிடந்தது.

பிறகு பதின்மூன்றாம் அத்தியாயம் வந்தது. உறக்கம் வராத நோயாளிச் சிறுவன் காலினின் கையைத் தடவி, தன் ஆயா தனக்குப் பாடியதுபோல மேரி தாலாட்டுகிறாள். எந்த மொழியில் என்று நினைக்கிறீர்கள்? இந்துஸ்தானியில்!

பாப்பா நிமிர்ந்தாள். "மேரிக்கு இந்தி தெரியுமா?"

"ஆயாவிடம் கற்றது."

"அவளுக்கே தெரியுதா!" என்றாள். அந்த 'அவளுக்கே'யில் எத்தனையோ பொருள் இருந்தது. சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "ஏனுங் மாமா, அந்த ஆயாளுக்குப் புள்ளைங்க இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு நெஞ்சு திடுக்கென்றது. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றவன் நான். அந்தக் கேள்வி ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. முதல் அத்தியாயத்திலேயே இறந்துபோகிற ஆயா, கடல் கடந்த ஓர் இருட்டறையில் ஒரு தாலாட்டாகத் திரும்பி வருகிறாள். மனிதர்களே அல்லர் என்று மேரி ஏசினாளே, அவர்களில் ஒருத்தி கொடுத்த பாட்டுத்தான் அந்தப் பையனை உறங்க வைக்கிறது. அம்மையார் இதை எண்ணித்தான் எழுதினாரோ, எழுத்து அவரை மீறிப் போயிற்றோ, நூலில் அது இருக்கிறது. 'ஆயாவின் பாத்திரப் படைப்பை விளக்குக' என்று நான் வினாத்தாள் கொடுத்திருந்தால், பாப்பா நான்கு வரி எழுதிவிட்டு அவளை மறந்திருப்பாள்.

அன்று மாலை அவள் படியிறங்கிப் போனாள். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். முதலில் கையால் ஜாடை. பிறகு ஏதோ பேச்சு. வாளி நிறைய மண்ணோடு வந்து, 'மிட்டி' என்றாள். அடுத்த வாரம் 'கம்லா' வந்தது, அது தொட்டி. 'மேத்தி', 'தனியா', 'கேந்தா' எல்லாம் வந்தன. வெந்தயம் ஐந்தாம் நாள் முளைத்தது. கொத்தமல்லி பொறுமையைச் சோதித்துவிட்டுத் தலைகாட்டியது. மேரி யார்க்ஷயர்க் கொச்சையைப் பழகிக்கொண்டு காலினிடம் பேசிக்காட்டும் அத்தியாயம் வந்தபோது, பாப்பா தன் சொற்களையெல்லாம் கோத்து எனக்கு ஓர் இந்திப் பிரசங்கமே செய்தாள். இலக்கணம் யமுனையில் போயிற்று. போகட்டும்.

சாவி இருக்கும் இடத்தைக் காட்டிய ராபின் பறவையையும் தேடினோம். அந்தச் செம்மார்புப் பறவை வேறு. நம் நாட்டு ராபின் வேறு. நாம் கருஞ்சிட்டு என்கிறோமே, உடல் கறுத்து வாலடி மட்டும் துருவேறியதுபோல் சிவந்திருக்கும், அதுதான். அடையாளம் பார்த்துப் பெயரிட்ட வெள்ளைக்காரர் தம் ஊர் நினைவில் அதற்கும் ராபின் என்றே பெயர் வைத்துவிட்டனர். "அவுங்களுக்கும் ஊர் ஞாபகம் வந்திருக்கும்" என்றாள் பாப்பா.

நூலின் பிற்பகுதியில் அவளுக்கு ஒரு பெருங்குறை. கதை மெல்ல மெல்லக் காலின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. "மேரி எங்க போயிட்டா? தோட்டத்தைக் கண்டுபுடிச்சது அவதானே?" என்று சண்டைக்கு வந்தாள். விமரிசகர்கள் இந்நூலைப் பற்றிச் சொல்லும் முக்கியமான குறைகளுள் இதுவும் ஒன்று. பத்து வயதுப் பெண் வேர்க்கடலைத் தோலுக்கு நடுவே அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

நூலாசிரியரைப் பற்றி முதலில் நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வாரத்தில்தான் சொன்னேன். 1849-இல் மான்செஸ்டரில் பிறந்து, 1865-இல் குடும்பத்தோடு அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர். பிற்காலத்தில் கெண்ட் மாவட்டத்து மேத்தம் மாளிகையில் மதில் சூழ்ந்த ரோஜாத் தோட்டத்தில் அமர்ந்து எழுதியவர். 1890-இல் தம் மூத்த மகனைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். நோயாளிப் பையன் எழுந்து நடக்கும் கதையை எழுதியவர் இந்தத் தாய் என்று கேட்டதும், காலின்மேல் இருந்த கோபம் பாப்பாவுக்குச் சற்றுத் தணிந்தது. இந்த விவரங்கள் முதல் நாளே வந்திருந்தால் 'ஆசிரியர் குறிப்பு' ஆகியிருக்கும்.

அக்கா விடுவாளா? முடிவில் தானே இருபது கேள்வி எழுதிப் பரீட்சை வைத்தாள். பதினாறுக்கு விடை சரி. பதிலுக்குப் பாப்பா அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: ஆயாவுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா? அக்கா என்னைப் பார்த்தாள். நான் வெந்தயச் செடியைப் பார்த்தேன். அந்த விடையைப் பாப்பாவே இப்போது ஒரு நோட்டில் கதையாக எழுதி வருகிறாள். ஆயாவின் மகளுக்குப் பத்து வயதாம். மிச்சத்தை இன்னும் எனக்குக் காட்டவில்லை.

ஏப்ரலில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் மாலை தொலைபேசியில் கேட்டேன்: யாரிடமாவது பேசினாயா? "ஒரு புள்ளைகிட்ட. அதுவும் புதுசு. ஒரியாவாம், அதுக்கும் இந்தி வராது. நான் கொஞ்சம் சொல்லிக்குடுத்தேன்" என்றாள். எழுத்துப்பிழை இன்னும் போகவில்லை. தில்லிச் சோறும் முழுதாகப் பிடிக்கவில்லை. ஆனால் சன்னலைச் சாத்துவதில்லை என்று அக்கா சொல்கிறாள்.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் போனால் உங்களுக்கும் ஒரு தங்கையோ, அண்ணன் மகனோ இருப்பார்கள். அவர்களுக்கு இனிப்பு வாங்கிப் போவதோடு ஒரு நல்ல கதைநூலும் எடுத்துப் போங்கள். அத்தியாயங்களை எண்ணி நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள், கூடவே படியுங்கள், பிடிக்காவிட்டால் மூடிவைக்க அனுமதி கொடுங்கள். கேட்க வேண்டுமென்று உங்கள் நாவில் துடிக்கும் கேள்வியை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்பார்கள். சற்று நேரம் ஆகும். கொத்தமல்லிக்கும் நேரம் ஆகிறது.