டொக் டொக்

மூணு வாரமா காரில் ஒரு சத்தம். ரேடியோவைக் கூட்டி வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். வெட்கம்தான். நேற்று மெக்கானிக், நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தார். பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். மூணாவதைக் கழற்றியதும் சத்தம் அடங்கிப்போச்சு.

"ராடு பேரிங் போச்சு சார். ஆயில் லெவல் பாத்து எவ்ளோ நாளாச்சு?"

பதில் சொல்லவில்லை. வடித்த ஆயிலை விரலில் தேய்த்துக் காட்டினார், ஜிகினா மாதிரி மின்னியது.

கிராங்க் தப்பியிருந்தால் பேரிங் மாற்றினால் போதும். கோடு விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துக் கிரைண்டிங் பண்ணி, அண்டர்சைஸ் பேரிங் போடணும். மச்சான் வேறு, "புதுப்பேட்டைல பழைய இன்ஜின் எடுத்துப் போடுங்க மாமா, ரெண்டு நாள் வேலை" என்கிறான். அது எந்த அடிபட்ட வண்டியில் இருந்து இறங்கியதோ! ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வேறு அலையணும். வண்டிக்கோ வயசு 13. 15 ஆனால் எப்படியும் ஆர்.சி. புதுப்பிக்கணும்.

"பேசாம வித்துடுங்களேன்" என்றாள் மனைவி. டொக் டொக் என்கிற வண்டியை எவன் வாங்குவான்?

இன்ஜினை இறக்கச் சொல்லிவிட்டேன். கிராங்கைப் பார்த்துவிட்டு நாளைக்குச் சாயங்காலம் போன் பண்ணுகிறாராம்.