கழுத்து நாளத்தில் ஒரு விரல்

திங்கள், இரவு

பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கும் மருமகன் கோல் எடுத்தான். நுவரெலியாவில் வயிற்றுக்குத்தில் விழுந்த குதிரையொன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். "மாமா, வருத்தம் வயித்தில. சேலைன் ஏத்தின கழுத்து நரம்பு என்னத்துக்குக் கயிறு மாதிரி இறுகிப் போகுது?"

ஓட்டமாவடியில் என்னிடம் வருவதெல்லாம் மாடு, எருமை, ஆடு. ஆனாலும் கேள்வி தூங்க விடவில்லை.

குதிரையின் பெருங்குடலில் கோடிக்கணக்கான பக்டீரியாக்கள் குடியிருந்து புல்லை நொதிக்க வைக்கின்றன. குடல் முறுகி இரத்தோட்டம் நின்றால், சில மணி நேரத்தில் குடற்சுவர் சாகத் தொடங்கும். பக்டீரியாக்களின் உறையிலுள்ள நஞ்சு இரத்தத்தில் இறங்கும். அதைக் கண்ட வெண்குருதிக் கலங்கள் இரத்தம் உறைதலை முடுக்கிவிடும். நுண்ணிய குழாய்களிலெல்லாம் கட்டிகள் அடைக்கும்; ஊசி நின்று காயப்பட்ட கழுத்து நாளத்தில் பெரிதாகவே கட்டும். இரத்தம் உறையத் தேவையான சிறுதட்டுகளும் பைபிரினோஜனும் இப்படியே செலவாகித் தீர்ந்தால், பிறகு ஊசி குத்திய இடம் கசியும், முரசில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். குதிரையில் கசிவைவிடக் கட்டுவதே அதிகம் காணப்படும்.

புதன்

பக்கத்து வளவுக் காக்காவை வயலில் புடையன் பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவருடைய இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்தார்கள். உறையவே இல்லை, அப்படியே வழிந்தது. விஷம் உறைதலை நேரடியாக முடுக்கி, பைபிரினோஜனைத் தீர்த்திருந்தது. குடல் முறுகிய குதிரையும் கடைசியில் வேறு வழியால் இதே இடத்துக்கு வந்து சேரலாம்.

காக்காவுக்கு ஏற்றிய மருந்து இந்தியாவில் செய்தது. குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக விஷம் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது. வயலில் இறங்கும் எங்கள் ஊரார் அத்தனை பேரும் குதிரைக்குக் கடன்பட்டவர்கள். காக்கா இப்போது கண் திறந்து பேசுகிறார், அல்ஹம்துலில்லாஹ்.

வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின்

மருமகனுக்குச் சொன்னேன்: காலையும் மாலையும் அந்த நாளத்தை விரலால் தடவிப் பார். சூடு, வீக்கம், இறுக்கம் இருந்தால் சேலைன் குழாயை உடனே எடுக்கச் சொல். மற்றப் பக்கத்து நாளத்தைப் பொத்திக் காப்பாற்று. இரண்டும் அடைத்தால் தலை வீங்கி மூச்சுக்கே ஆபத்து.

குதிரை வளர்ப்பவர்களுக்கும் ஒன்று. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது; வயிற்றுக்குத்தை மற்றக் குறிகளில்தான் பார்க்க வேண்டும். அது நிலத்தைக் கிளறினால், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், புரண்டால், சாணம் போடாமல் நின்றால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்த நேரமே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.