காக்க முடிந்ததை வாங்கு

தம்பி, வேகப் படகு வாங்கப் போகிறேன் என்றதும் முகம் சுளிக்கும் பெரியவர்களில் நான் ஒருவனல்ல. தென் புளோரிடாவின் படகுத்துறைகளில் இன்ஜின் வேலை பார்த்தே தலை நரைத்தவன். படகு தண்ணீரைவிட்டு எழும்பி அலைகளின் தலைமேல் ஓடும்போது நெஞ்சுக்குள் பொங்கும் மகிழ்ச்சி எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆசையில் தப்பே இல்லை. நல்ல வேலை கிடைத்திருக்கிறது, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, பழைய படகு ஒன்றைத் தேடுகிறாய். தாராளமாகத் தேடு. ஆனால் விலை குறைவு என்பதற்காக எதையும் வாங்கிவிடாதே. உன்னால் காக்க முடியுமா என்று பார்த்து வாங்கு. எனக்குச் சொல்லத் தெரிந்த பாடம் இது ஒன்றுதான்.

இந்தப் படகுகளின் கதையிலேயே அதற்கான காரணம் இருக்கிறது. 1960-இல் மயாமியிலிருந்து நாசோவுக்கு நடந்த பந்தயத்தில், கடல் கொந்தளித்துக் கிடந்த நாளில், டிக் பெர்ட்ராமின் ‘மாப்பி’ என்ற படகு வென்றது. வடிவமைத்தவர் ரே ஹண்ட். அதன் அடிப்பகுதி கூரான ‘வி’ வடிவில் முகப்பிலிருந்து பின்கோடி வரை நீண்டிருந்தது. மற்றப் படகுகள் அலைமேல் விழுந்து விழுந்து எழுந்தபோது இது அலையை வெட்டிக்கொண்டு போனது. பிறகு டான் அரோனோ வந்தார். வட மயாமியின் 188ஆவது தெருவில் ஃபார்முலா, டான்சி, மேக்னம், சிகரெட் என்று ஒரு நிறுவனத்தைத் தொடங்குவார், விற்பார், அடுத்ததைத் தொடங்குவார். ‘தண்டர்போட் ரோ’ என்றே அந்தத் தெருவுக்குப் பெயர் வந்தது. இன்று நீ ஆசையாகப் பார்க்கும் பழைய படகுகளில் பெரும்பாலானவை அந்த வம்சத்தில் வந்தவைதான். அந்தக் கூரான அடிப்பகுதி அலையைச் சமாளிக்கும். பதிலுக்குத் தட்டையான படகைவிட அதிக சக்தி கேட்கும். அதனால்தான் பெரிய இன்ஜின், அதனால்தான் பெரிய செலவு.

இப்போது கணக்குக்கு வருவோம். முப்பது வருடப் பழைய படகின் விலை, புதிதாக இருந்தபோது கொடுத்த விலையில் ஒரு சிறு பங்குக்கு இறங்கியிருக்கும். அதன் இன்ஜினுக்கோ, இன்ஜினின் சக்தியை நீருக்குள் சுழலும் புரொப்பெல்லருக்குக் கடத்தும் டிரைவுக்கோ வேண்டிய உதிரிபாகத்தின் விலை இறங்கியிருக்காது. இன்றைய விலைக்குத்தான் வாங்க வேண்டும். பெட்ரோலும் அப்படித்தான். முழு வேகத்தில் ஓடும் பெட்ரோல் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.3 லிட்டர் குடிக்கும். 400 குதிரைத்திறன் இன்ஜின் என்றால் மணிக்குச் சுமார் 120 லிட்டர். இரட்டை இன்ஜின் என்றால் 240 லிட்டர். யானை வாங்கிவிட்டு அங்குசம் வாங்கக் காசில்லாமல் நின்ற கதையை நம் ஊரில் சொல்வார்களே, அதை நான் படகுத்துறைகளில் நேரில் கண்டிருக்கிறேன். ஆசையாக வாங்கிய படகு ஒரு பழுதோடு டிரெய்லரில் ஏறும்; செலவுக்குப் பயந்து அங்கேயே மழையிலும் வெயிலிலும் கிடந்து வீணாகும்.

எனவே உன்னிடம் இருபதாயிரம் டாலர் இருந்தால், இருபதாயிரம் டாலர் படகைத் தேடாதே. பதின்மூன்றாயிரத்துக்குள் ஒன்றைத் தேடு. மிச்சம் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வை. காப்பீடு, பதிவு, நிறுத்துமிடம், டிரெய்லரின் டயரும் பேரிங்கும், முதல் வருடத்தில் தலைகாட்டும் பழுதுகள் எல்லாம் அந்தப் பங்குக்காகக் காத்திருக்கின்றன. விலை பேசுவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டுவிடு. வேகம் மிகுந்த பழைய படகை எல்லோரும் ஏற்றுக்கொள்வதில்லை. ஏற்பவர்களும் படகைப் பரிசோதிக்கும் சர்வேயரின் அறிக்கையையும் உன் அனுபவத்தையும் கேட்பார்கள்.

அதே பணத்துக்குக் களைத்துப்போன 38 அடி இரட்டை இன்ஜின் படகும் கிடைக்கும், நன்றாகப் பேணிய 22 அடி ஒற்றை இன்ஜின் படகும் கிடைக்கும். சிறியதை எடு. இரண்டு இன்ஜின் என்றால் எண்ணெயிலிருந்து பம்ப் வரை எல்லாமே இரண்டு. கம்பெனியில் இருந்து வந்த நிலையிலேயே இருக்கும் இன்ஜினை எடு. சூப்பர்சார்ஜர் போட்டது, பந்தயத்துக்காகத் திருத்தியது என்று விற்பவர் பெருமை பேசினால் கவனமாகக் கேள். அதிக சக்திக்காக முறுக்கிவிட்ட இன்ஜினைச் சில நூறு மணி நேர ஓட்டத்திலேயே பிரித்துச் செப்பனிட வேண்டிவரும். டிரைவையும் பார். மெர்குரூசரின் ‘ஆல்ஃபா’ டிரைவ் மிதமான சக்திக்குச் செய்தது. பெரிய இன்ஜின்களுக்கு ‘பிராவோ’. பெரிய இன்ஜினை மாட்டிவிட்டு ஆல்ஃபாவை அப்படியே விட்டிருந்தால், பல்சக்கரம் உடையும் நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

படகைப் பார்க்கப் போகும்போது வண்ணத்தையும் இருக்கையையும் கடைசியில் பார். கெட்டுப்போகும் இடங்கள் கண்ணுக்குத் தெரியாத இடங்கள். பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில், டிரைவைத் தாங்கும் பின்சுவருக்குள்ளும் அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர்களுக்குள்ளும் மரம்தான் இருக்கும். திருகாணித் துளை வழியாக நீர் கசிந்து, வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே மரம் மக்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் இடம்விட்டு இடம் தட்டிக் கேள். நல்ல இடம் கணீரென்று பேசும், மக்கிய இடம் தொப்பென்று மந்தமாகப் பேசும். டிரைவின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பார். பின்சுவர் அசைந்தால் அந்தப் படகை விட்டுவிடு. டிரைவுக்கும் பின்சுவருக்கும் நடுவே உள்ள ரப்பர் பெல்லோஸை விரித்துப் பார். அதில் ஒரு கீறல் விழுந்தாலே உள்ளே இருக்கும் பேரிங் வீணாகும்; படகு நின்ற இடத்திலேயே மூழ்கவும் கூடும்.

நீ வரும் முன்னே இன்ஜினை ஓட்டிச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடு. போனதும் இன்ஜினைத் தொட்டுப் பார். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் விதம் உண்மையைச் சொல்லும். எண்ணெயைப் பார், பால் கலந்த காபி நிறமென்றால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. டிரைவின் எண்ணெயையும் அப்படியே பார். எல்லா சிலிண்டர்களிலும் கம்ப்ரெஷன் அளக்கச் சொல். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குமேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. உப்புநீரில் ஓடிய படகென்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரைசரும் எப்போது மாற்றியவை என்று கேள். உப்பு அவற்றை உள்ளிருந்தே தின்னும். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். அவை ஓட்டையானால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும், இன்ஜினே போய்விடும். வட மாநிலங்களின் நன்னீர் ஏரியில் ஓடிய படகுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிறகு தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார். முழு விசையில் தயாரிப்பாளர் குறித்த சுழற்சியை எட்டுகிறதா, சூடேறிய பிறகும் எண்ணெய் அழுத்தம் நிற்கிறதா, ஓடி முடித்ததும் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார். காகிதங்களில் அவசரம் வேண்டாம். அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் கட்டிய ஒவ்வொரு படகின் பின்சுவரிலும் வலப்பக்கம் 12 எழுத்துள்ள அடையாள எண் இருக்கும். பத்திரத்தில் இருப்பது அதே எண்தானா, படகின் பேரில் கடன் பாக்கி உண்டா என்று சரிபார்க்காமல் பணத்தைக் கையைவிட்டுக் கொடுக்காதே.

இவ்வளவையும் நீயே பார்த்தாலும், சாம்ஸ் அல்லது நாம்ஸ் என்ற சர்வேயர்கள் அமைப்பில் தகுதி பெற்ற ஒருவரையும் பெரிய இன்ஜின்களில் பழகிய மெக்கானிக் ஒருவரையும் உன் செலவில் அழைத்துப் போ. சர்வேயர் படகின் நீளத்துக்கு அடிக்கணக்கில் கூலி கேட்பார். அந்தக் கூலியைக் கொடுத்து ஒரு படகை வேண்டாமென்று தள்ளினாலும் அது நஷ்டமல்ல. ஆசைப்பட்ட கண் குறையைப் பார்க்காது. ஆசைப்படாத ஒருவரின் கண்ணும் உன்னோடு இருக்க வேண்டும். பெண் பார்க்கவும் வீடு வாங்கவும் நம் வீடுகளில் பெரியவர்களைக் கூட்டிப் போனதற்குக் காரணம் அதுதான்.

குறைந்த பணத்தில் பெரிய காரியம் நடக்காது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. நீர்மேல் உலக வேகச் சாதனை கென் வார்பி என்ற ஆஸ்திரேலியரின் பெயரில் இருக்கிறது. சிட்னியில் தன் வீட்டுக் கொல்லையில் மரத்தால் ஒரு படகைக் கட்டினார். விமானப்படை வேண்டாமென்று விற்ற பழைய ஜெட் இன்ஜினை வாங்கிப் பொருத்தினார். 1978 அக்டோபர் 8 அன்று அதில் மணிக்கு 511 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். அதை மிஞ்ச முயன்ற லீ டெய்லர் 1980-இலும், கிரெய்க் ஆர்ஃபன்ஸ் 1989-இலும் உயிரிழந்தார்கள். அவர்களும் துணிவில் குறைந்தவர்களல்ல. நீர்மேல் வேகம் அத்தனை கொடிது. வார்பியிடம் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது வேகத்தை அல்ல. தன் படகைத் தானே வரைந்து, தானே கட்டி, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டிய பொறுமையை எடுத்துக்கொள்.

அந்தப் பொறுமையை வாங்கும் முன்பே பழகு. புளோரிடாவில் 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் 10 குதிரைத்திறனும் அதற்குமேலும் உள்ள படகை ஓட்டப் பாதுகாப்புப் பாடம் படித்து அட்டை வாங்கியிருக்க வேண்டும். சட்டத்துக்காக மட்டும் படிக்காதே. அனுபவப்பட்டவர் படகில் ஒரு பருவம் உதவியாளாகப் போ. உள்ளே இன்ஜின் வைத்த பெட்ரோல் படகைக் கிளப்பும் முன், உள்ளே தேங்கிய ஆவியை வெளியே தள்ளும் புளோயரை நான்கு நிமிடம் ஓடவிடு. அடியில் தேங்கிய பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். இன்ஜினை நிறுத்தும் கயிற்றை உடம்போடு மாட்டிக்கொள். 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரல் முதல் அமெரிக்கச் சட்டமே அதைக் கேட்கிறது. நீ தூக்கியெறியப்பட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து உன்மேலேயே திரும்பி வரும்.

வண்டி, வீடு, தொழில், உறவு எதுவானாலும் நம் கைக்கு வருவது ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. அதன்பின் வரும் நாட்களெல்லாம் பேணுவதற்கான நாட்கள். வாங்க முடிந்தவர்கள் பலர். மழைக்காலத்தில் உறை போட்டு, ஓட்டம் முடிந்ததும் நன்னீரால் கழுவி, எண்ணெயை நேரத்துக்கு மாற்றி, கேட்கும் சத்தத்துக்குக் காது கொடுத்து வைத்துக்கொள்பவர்கள் சிலர். முப்பது வருடம் கழித்தும் நல்ல நிலையில் உன் கைக்கு ஒரு படகு வருகிறதென்றால், முகம் தெரியாத அந்தச் சிலரில் ஒருவர் அதைப் பேணியிருக்கிறார். அவருக்கு அடுத்த ஆளாக இருக்க உன்னால் முடியுமென்றால் வாங்கு, தம்பி. இந்த வருடம் முடியாதென்றால் பணத்தைச் சேர்த்துக்கொண்டே வேலையைக் கற்றுக்கொள். படகுகள் விற்பனைக்கு வந்துகொண்டேதான் இருக்கும்.