இலவசப் புத்தகமும் எங்கட பிள்ளைகளும்



பெருநாள் லீவில் என்னிடம் ஏ.எல். உயிரியல் படித்த மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இரண்டு பேர் கம்பஸில் தாதியர் பட்டப்படிப்பு, ஒருவன் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம். வட்டிலப்பம் முடிந்ததும், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி ஓப்பன்ஸ்டாக்ஸ் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்துவது. உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் சேர்ந்த புத்தகம் 2013 இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2022 இல். 28 அத்தியாயம். ஒரு சதம் கட்டத் தேவையில்லை.

ஒருத்தி சிரித்துவிட்டாள். "சேர், எங்களுக்கு எல்லாப் புத்தகமும் ஃப்ரீதானே." போனை நீட்டினாள். பட்ச் வட்ஸ்அப் குறூப்பில் கைட்டன், கிரே எல்லாம் பிடிஎப் ஆகக் கிடக்கிறது.

அது எழுதியவருடைய ஹக் என்று சொல்ல வாயெடுத்தேன். என் அலுமாரியில் இருக்கும் போட்டோகொப்பிப் புத்தகங்கள் ஞாபகம் வந்தன. 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை போனதைப் பார்த்த பிள்ளைகளிடம், ஒரிஜினல் வாங்குங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

"அப்ப இதில் என்ன வித்தியாசம் சேர்?"

எழுதியவர்களே அனுமதி தந்திருக்கிறார்கள் என்றேன். பெயரைக் குறிப்பிட்டு, எதை மாற்றினோம் என்று சொன்னால் போதும். அச்சடிக்கலாம், பகிரலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம்.

பையனுக்கு ஆர்வமில்லை. ஸ்லைட்டில் இல்லாதது பரீட்சைக்கு வராதாம். போனில் நாலு பக்கம் வாசித்தால் கண் எரிகிறதாம். அதுவும் உண்மைதான்.

மற்றவள்தான், அதுவரை பேசாமல் இருந்தவள், கேட்டாள். "மொழிபெயர்க்கலாமா சேர்? உங்களிட்ட சோணையறை, இதயவறை என்று படிச்சிட்டுப் போனேன். அங்க முதல் நாளே ஏட்ரியம், வென்ட்ரிக்கிள். எல்லாரும் தலையாட்டினாங்க, நானும் ஆட்டினேன். முதல் செமஸ்டர் முழுக்க எனக்கு இதயமே விளங்கல்ல."

20 வருசமாகப் படிப்பிக்கிறேன். இதை ஒரு பிள்ளையும் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

முழுப் புத்தகத்தையும் தமிழாக்க எங்களால் ஏலாது. 19 ஆம் அத்தியாயம், இதயம், அதை மட்டும் எடுத்திருக்கிறோம். ஆங்கிலம் அப்படியே இருக்கும், பக்க ஓரத்தில் தமிழ்ச் சொல்லும் சின்ன விளக்கமும். பிறகு டவுனில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங். அடுத்த பட்ச் போவதற்கு முன் கையில் கொடுக்க வேண்டும்.

உயிரியல் படிப்பிக்கிற ஆசிரியர்கள், நேர்ஸ்மார் யாராவது திருத்தித் தர முடியுமென்றால் இன்பொக்ஸ் வாங்க. முதல் பத்துப் பக்கம் முடிந்திருக்கிறது.