கடைசி நிலையம் காங்கேசன்துறை

கொழும்புக் கோட்டையிலிருந்து வடக்கே ஓடும் தண்டவாளம் காங்கேசன்துறையில் முடிகிறது. அதற்கப்பால் கடல்தான். இலங்கையின் வட கோடியில் உள்ள புகையிரத நிலையம் இது.

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்கான காங்கேயன் எனப்படும் முருகன் விக்கிரகம் வந்திறங்கிய துறை என்பதால் ஊர் இப்பெயர் பெற்றது என்பது ஐதீகம். 1902இல் இங்கிருந்து சாவகச்சேரி வரை முதல் வண்டி ஓடியது. 1905இல் பாதை கொழும்போடு இணைந்தது. 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது; 1956இல் யாழ் தேவி ரயில் வந்தது. துறைமுகம், வெளிச்சவீடு, தொழிற்சாலைச் சங்கு, வண்டியின் கூவல் என்று ஊர் எப்போதும் விழித்திருந்தது.

1990 யூனில் போரினால் யாழ்ப்பாணத்துக்கான ரயில் சேவை நின்றது. அதே ஆண்டு, காங்கேசன்துறை அடங்கிய வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தார்கள். ஊர் படையினரின் உயர்பாதுகாப்பு வலயமானது. வடபகுதிப் பாதையில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. ரயில் போன தடத்தில் பற்றை மண்டியது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயிலையே பாராமல் வளர்ந்தார்கள்.

போர் முடிந்தபின் இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பாதையைப் புதிதாக அமைத்தது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் என்று வண்டி படிப்படியாக முன்னேறியது. 2015 சனவரி 2ஆம் திகதி, புதுப்பித்த காங்கேசன்துறை நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று பெயர்ப்பலகைகள் மீண்டும் யன்னலோரம் வரத் தொடங்கின.

நிலையம் மீண்டது, ஊர் முழுதாக மீளவில்லை. வண்டி வந்த நாளிலும் நிலையத்தைச் சூழவிருந்த பல காணிகள் படையினர் வசமே இருந்தன. பிறகு கட்டங்கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. ஆனால் வலிகாமம் வடக்கில் தம் வளவுக்குள் காலடி வைக்கக் காத்திருப்போர் இன்னும் இருக்கிறார்கள். கூரையும் மேடையும் கட்டினால் கட்டடம் எழும்பும். ஊர்ச் சனம் தன் வீட்டிலிருந்து நடந்துவந்து வண்டி ஏறும்போதுதான் அது அந்த ஊரின் நிலையமாகும். மிச்சக் காணிகளையும் உரியவர்களிடம் கொடுப்பதே இந்தப் புனரமைப்பின் கடைசி வேலை.

2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது. துறைக்கு மறுபடி ஆள் நடமாட்டம் வருகிறது.

யாழ்ப்பாணம் வருகிறவர்களே, நகரத்தோடு இறங்கிவிடாதீர்கள். காங்கேசன்துறைக்கே ரிக்கெற் எடுங்கள். அருகிலுள்ள கீரிமலையில் தீர்த்தமாடுங்கள், துறையடிக் கடைகளில் தேத்தண்ணி குடியுங்கள். திரும்பி எழும்ப முயலும் ஊருக்கு உங்கள் வரவும் ஒரு கைகொடுப்பு.